மயில்கழுத்துக் கலர்

எங்க ஊருல ராத்திரியிலயும் நெறம் போகாம நின்ன கதைய யாருகிட்டச் சொன்னாலும், மொதக் கேள்வியா "பாக்க ரொம்ப அழகா இருந்துச்சாமே?"ன்னுதான் கேக்கறாங்க. அப்படிக் கேக்கற வாய்மேல சூடு ஆறாத இஸ்திரிப் பெட்டியத் தூக்கி வெக்கலாமான்னு இருக்கும் எனக்கு. நான் சம்பூரணம். ஆத்துப்பாலத்து முக்குல, டிரான்ஸ்பார்மருக்குக் கீழே இஸ்திரி வண்டி போட்டிருக்கறவ. ஊருத் துணியெல்லாம் என் கைபட்டுத்தான் மடிப்பாகுது, அதனால ஊரு யோக்கியதையும் எனக்குத் தெரியும். ஆத்துக்கு ஒரு பேரு இருக்குது, சொல்ல மாட்டேன். பேரு சொல்லிக் கூப்பிடற மாதிரியா வெச்சிருக்கோம் அதை?

ஊருக்கு மேற்கால இருக்கறது பொன்னுரங்கம் மொதலாளியோட சாயப்பட்டறை, வெளிநாட்டு ஆர்டருக்குப் பனியன் துணிக்குச் சாயம் போடற எடம். ஊருல பாதி சனம் அங்கே வேலை பாக்குது, மீதிப் பாதி அங்கே வேலை பாக்கறவங்களுக்குச் சோறும் டீயும் விக்குது. சாயம் போட்டு மிஞ்சின தண்ணியச் சுத்தம் பண்ணித்தான் வெளிய விடணும்னு சட்டம். சுத்தம் பண்ற மெசினும் இருக்குது, ஆயுதபூசைக்கு ஆயுதபூசை பொட்டு வெச்சு மாலை போடுவாங்க, ஓட்டத்தான் மாட்டாங்க, கரண்டு பில்லு எகிறுமாம். அதனால பகலெல்லாம் தொட்டியில தேக்கி வெச்சுட்டு, இருட்டினதும் குழாயத் தொறந்து ஆத்துல விட்டுருவாங்க. இருட்டுல எல்லாத் தண்ணியும் கறுப்புத்தானே, யாரு கண்டா?

கண்ணு முகாமுக்கு வந்த ஒரு நர்ஸம்மா எனக்குச் சொல்லியிருக்குது, கண்ணுக்குள்ள ரெண்டு ஷிப்டு ஆளுக இருக்கறாங்களாம். பகல் ஷிப்டு ஆளுகளுக்குத்தான் நெறம் பிரிச்சுப் பாக்கத் தெரியும், ஆனா வெளிச்சம் இல்லாட்டி துண்டை விரிச்சுப் படுத்துக்குவாங்களாம். ராத்திரி ஷிப்டு ஆளுக சொட்டு வெளிச்சத்துலயும் வேலை பாப்பாங்க, ஆனா அவுங்களுக்குத் தெரிஞ்சது வெளுப்பு, கறுப்பு, நடுவால சாம்பல், அவ்வளவுதான். பொழுது எறங்கறப்போ மொதல்ல போறது செகப்பு. செம்பருத்திப் பூவு கறுத்துப் போன பின்னாலயும் அதோட எலை சித்த நேரம் தெரியும், நீலம் கடைசியாப் போகும். இதை மொதலாளி எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாரோ, செகப்புத் தொட்டிய மொதல்லயும் நீலத் தொட்டியக் கடைசியிலயும் தொறக்கச் சொல்லித்தான் வாட்ச்மேனுக்கு உத்தரவு. திருட்டுக்குன்னா எம்புட்டு நுணுக்கமா வேலை செய்யுது பாருங்க புத்தி!

பாலத்துக்கு இந்தப் பக்கம், ஆத்தை ஒட்டின ஊடு துளசிமணியோடது. புருசன் போய்ச் சேந்தாச்சு, ஒத்தை மக கோகிலவாணி, கட்டிக் குடுத்த எடத்துல மாசமா இருந்தா. எங்க வீதி பூராவும் குடிக்கறது துளசிமணி ஊட்டுக் கெணத்துத் தண்ணிதான். அந்தத் தண்ணி கொஞ்ச நாளாவே நாக்குல கசக்க ஆரம்பிச்சு, சோத்துல வாடை வந்து, பருப்பு வேகாம அடம் புடிச்சுது. "எம்மவ தலைப்பிரசவத்துக்கு வர்றதுக்குள்ள அந்தக் குழாய அடைச்சாகோணும் சம்பூரணம். அவ இந்தத் தண்ணியக் குடிச்சு, அவ பாலைக் கொழந்தை குடிச்சு... ஐயோ"ன்னு எங்கிட்டச் சொல்லிச் சொல்லி அழுவா. மனுமேல மனுப் போட்டா. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஜீப்புல வந்தாரு, உச்சி வெயில்ல வந்தாரு, மொதலாளி குடுத்த எளநியக் குடிச்சுக்கிட்டே பாலத்து மேல நின்னு எட்டிப் பாத்தாரு. "தண்ணி தண்ணியாட்டந்தானேம்மா இருக்கு?"ன்னுட்டுப் போயிட்டாரு.

எங்க ஆத்தங்கரையில எல்லைக்காரி ஆத்தான்னு ஒரு கல்லு இருக்குது. நாயம் கெடைக்காதவங்க அந்தக் கல்லுக்கு முன்னால ஒக்காந்து வரமொளகா அரைச்சு, அதை ஆத்தா மேல பூசிட்டு வந்துருவாங்க. ஆத்தாளுக்கு எரியும். எரிச்சல் தாங்காம அவ நாயம் பண்ணுவா. நாயம் கெடைச்ச பின்னால நல்லெண்ணெய்க் காப்புச் சாத்தி அவளைக் குளுர வெக்கோணும், இதான் வழக்கம். அதிகாரி போன அன்னிக்குப் பொழுதோட, சாயங்காலமா, துளசிமணி அம்மியத் தலையில தூக்கிக்கிட்டுப் போனா. மொளகா அரைச்சா, மூக்கு ஒழுக, கண்ணு ஒழுக அரைச்சா, பொழுது எறங்கிச் செகப்பு போற நேரத்துக்குச் சரியா அதை வழிச்சு ஆத்தா மூஞ்சியில அப்பி, "உங்கண்ணுக்கும் தெரியலையாடி?"ன்னு ஒரு கத்துக் கத்திட்டு வந்தா.

அன்னிக்குச் செகப்பு போகலை. செகப்பு போகலைன்னதும் பச்சை போகலை, மஞ்சள் போகலை, எதுவும் போகலை. இருட்டு இருட்டாத்தான் இருந்துச்சு, அதுல ஒரு கொறையும் இல்லை, நச்சத்திரம் எண்ணலாம், வௌவால் பறந்துச்சு, ஆனா அந்த இருட்டுக்குள்ளயே எஞ்சீலை அரக்கு அரக்காவும் வாழைமரம் பச்சை பச்சையாவும் தகரக் கதவு துரு துருவாவும் நின்னுச்சு. லைட்டைப் போட்டா வழக்கம் போல. லைட்டை அணைச்சா, வழக்கத்துக்கு மேல. பகல் வெளிச்சத்துல கலந்து மறைஞ்சு கெடந்த நெறமெல்லாம் இருட்டுல பிரிஞ்சு வந்து தனித்தனியா நின்னுச்சு. துளசிமணி ஓடிப்போயி கெணத்துல எட்டிப் பாத்தா. உள்ளே தண்ணி, பீரோவுல சீலை அடுக்கின மாதிரி, அடுக்கடுக்கா நெறமாக் கெடந்துச்சு.

எங்க ஊருச் சனத்துக்கு எதுவும் மூணு நாளைக்கு மேல அதிசயம் இல்லை. நாலாம் நாள் ராத்திரியிலயே பொம்பளைக பொடவைக்கு மேட்சா சட்டை எடுக்கக் கடைக்குப் போனாங்க. தலைக்கு மை பூசினவங்க இருட்டினா குல்லாய் போட்டுக்கிட்டாங்க. கோழி திருடப் போனவனை "ரோஸ் சட்டை, ஊதா லுங்கி"ன்னு தெருவே கூவிப் புடிச்சுது. பஞ்சாயத்துத் தலைவர் இனிமே எதுக்குத் தெரு லைட்டுன்னு பல்பையெல்லாம் கழட்டி ஊட்டுக்குக் கொண்டு போனாரு. மளிகைக் கடையில லைட்டை அணைக்கச் சொல்லித்தான் சாமான் வாங்கறதுன்னு ஆச்சு, ஏன்னா இருட்டுல மொளகாத் தூள் தனியாவும் அதுல கலந்த செங்கப்பொடி தனியாவும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. கடைக்காரனை ஊரே தெரண்டு போயி அடிச்சுது. கலப்படம்னா எங்க சனத்துக்கு அப்படியொரு கோவம்! ஆத்துல கலந்தவரைப் பாத்தா மட்டும் துண்டை இடுப்புல கட்டிக்கும்.

ஆறு? அதைச் சொல்லத்தானே வந்தேன். மொத ராத்திரி பட்டறைக்காரங்க வழக்கம் போலக் குழாயத் தொறந்தாங்க, செகப்பு வந்துச்சு, அதுக்குப் பின்னால மாம்பழக் கலர் வந்துச்சு, கிளிப்பச்சை வந்துச்சு, கடைசியா நீலம் வந்துச்சு, ஒண்ணோட ஒண்ணு கலக்காம ஆறு பூரா பட்டை பட்டையா ஓடுச்சு. நான் நெனச்சேன், சரி, இன்னியோட மாட்டுனாங்கடா, விடிஞ்சா ஊரே பட்டறை வாசல்ல நிக்கும்னு. ஊரே வந்துச்சுதான். பாலத்து மேல வந்து நின்னு, "அடேங்கப்பா, எத்தனை அழகு!"ன்னுச்சு.

அட கெரகம் புடிச்சவங்களா! ஒரு வாரத்துல பாலத்து மேல முறுக்குக் கடை வந்துச்சு, பலூன் வந்துச்சு, கொழந்தைகளைத் தோள்மேல ஒக்கார வெச்சு "பாரு சாமி, ஊதா வருது பாரு"ன்னு காட்டினாங்க. பக்கத்து ஊர்ல இருந்து ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வேன் புடிச்சு வந்தாங்க. பட்டறையில வேலை பாக்கற ஆம்பளைக, "இது நாங்க நேத்துப் போட்ட லாட்டு, ஷேடு எப்படிப் புடிச்சிருக்குது பாத்தீங்களா?"ன்னு மீசைய முறுக்கினாங்க. மொதலாளி மொத ரெண்டு நாள் பயந்து ஊட்டைப் பூட்டிக்கிட்டாரு, மூணாம் நாள் சனம் கை தட்டறதைக் கேட்டுத் தைரியம் வந்து, பாலத்துல நாப்பது பிளாஸ்டிக் சேர் போட்டாரு. ஒவ்வொரு சேருக்குப் பின்னாலயும் "உபயம்: பொன்னுரங்கம்". துளசிமணி நடுப்பாலத்துல நின்னு, "அது வெசம்டா! எங்கெணத்துக்குப் போற வெசம்டா, நீங்க குடிக்கற கெணம்டா!"ன்னு மாருல அடிச்சுக்கிட்டா. "அக்கா, சித்த நகந்து நின்னு கத்துங்க, மறைக்குது"ன்னான் ஒருத்தன்.

அவ விடலை. அதிகாரியப் போயி இழுத்துக்கிட்டு வந்தா, இந்தத் தடவை ராத்திரியில. அவரும் சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு வந்து ஆத்தைப் பாத்தாரு, போட்டோ புடிச்சாரு. அப்பறம் கெணத்தடிக்கு வந்து டார்ச் அடிச்சுப் பாத்து, "தெளிவா இருக்கேம்மா?"ன்னாரு.

"டார்ச்சை அமத்துங்க சார்"னா துளசிமணி.

அமத்தினாரு. உள்ளே பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் தொண்டையக் கனைச்சுக்கிட்டு, "ராத்திரியில மனுசக் கண்ணுக்கு நிறம் தெரியாதும்மா. இது அறிவியல். அதனால ராத்திரியில பார்த்த நிறத்தை நான் ரிப்போர்ட்ல எழுத முடியாது"ன்னாரு.

"அப்ப இப்ப உங்க கண்ணுக்கு என்ன தெரியுதுங் சார்?"

"தெரியுது. ஆனா தெரியக்கூடாதே!"

நானும் பக்கத்துலதான் நின்னேன். கெணத்துல தண்ணி சேந்தற கயித்த எடுத்து அந்த ஆளைக் கட்டி உள்ளே எறக்கலாம்னு கை துறுதுறுத்துச்சு. அவரு சம்சாரம் முறுக்கு வாங்கப் போயிருந்துச்சு.

துளசிமணி சம்பந்தி ஊட்டுக்கு ஆள்மேல ஆள் உட்டா, மகளை அனுப்ப வேண்டாம், அங்கேயே பிரசவம் பாத்துக்கலாம், செலவெல்லாம் நான் தர்றேன்னு. அவுங்க கேக்கலை. தலைப்பிரசவம் தாயூட்டுலதான்னாங்க. அதோட அவுங்களுக்கும் கலர் ஆத்தைப் பாக்கோணும்னு ஆசை. வேன் வெச்சு, மாசமா இருக்கற புள்ளையக் கொண்டு வந்து எறக்கிட்டு, பாலத்துல ரெண்டு மணி நேரம் நின்னு கை தட்டிட்டுப் போனாங்க. துளசிமணி மகளுக்கு மட்டும் கேன் தண்ணி வாங்கினா. அந்தக் கேன் கம்பெனிக்காரன் எங்க ஆத்தங்கரையில போர் போட்டுத்தான் தண்ணி புடிக்கறான்னு ஒரு நாள் இருட்டுல கேனைப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள புள்ளை பொறந்துருச்சு, ஆம்பளைப் புள்ளை, துறுதுறுன்னு.

கரண்டு போன ஒரு பொழுதோட கோகிலவாணி அலறினா. நானும் துளசிமணியும் ஓடினோம். புள்ளை வாயோரத்துல வழிஞ்சிருந்த பாலு, கண்ணைப் பறிக்கற மயில்கழுத்துக் கலர்ல இருந்துச்சு. துளசிமணி கீழே ஒக்காந்துட்டா. அவ அழலை, அதான் எனக்குப் பயமாப் போச்சு. சத்தம் கேட்டு வீதிப் பொம்பளைகெல்லாம் ஓடி வந்தாங்க, கைப்புள்ளைக்காரிக தங்கட பாலையும் உள்ளங்கையில பீச்சிப் பாத்தாங்க. ஒருத்தி கையில ராணிக் கலர், ஒருத்தி கையில கிளிப்பச்சை. பட்டறையில மடிப்பு வேலை பாக்கற ஒருத்தி, தன் உள்ளங்கையப் பாத்துட்டு, பழக்க தோசத்துல, "இது போன வாரம் ஏத்துமதியான லாட்டு"ன்னா. சொல்லிட்டு வாயைப் பொத்திக்கிட்டா. புள்ளைக அழுதுச்சுக, அழுதா என்ன பண்றது, கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்தாங்க.

இதுக்கு மேலயாவது ஊருக்குச் சொரணை வரும்னுதானே நெனப்பீங்க? வந்துச்சு. ஆம்பளைகெல்லாம் கூட்டம் போட்டுப் பேசி, மொதலாளிகிட்டப் போயி, கையக் கட்டிக்கிட்டுக் கேட்டாங்க. என்ன கேட்டாங்க தெரியுமா? லைட்டுக் கேட்டாங்க! வெளிச்சத்துல பாலு வெள்ளையாத்தான் இருக்குது, தண்ணி தெளிவாத்தான் இருக்குது, இந்த இருட்டுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம், ஊருல இருட்டே இல்லாமப் பண்ணிக் குடுங்க மொதலாளின்னாங்க. பட்டறைய மூடிட்டா பொழப்பு? குழாய அடைன்னு சொன்னா நாளைக்கு வேலை? மொதலாளிக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. வீதிக்கு வீதி லைட்டு, ஊட்டுக்கு ஊடு பெரிய பல்பு, பாலத்து முக்குல வானத்தைத் தொடற ஹைமாஸ் லைட்டு, அதுக்குக் கீழே அவரு பேரு வெட்டின கல்லு. எல்லைக்காரி ஆத்தா நோம்பித் திருவிழா அன்னிக்கு அவரே வந்து சுவிச்சைப் போடறதா ஏற்பாடு.

நோம்பியன்னிக்கு மத்தியானம் துளசிமணி எங்கிட்ட வந்தா. மூஞ்சி கல்லாட்டம் இருந்துச்சு. "சம்பூரணம், உன் வண்டிக்கு மேலே இருக்கற அந்தப் பொட்டியில எதைப் புடுங்கினா ஊரு அணையும்னு உனக்குத் தெரியுமா?"ன்னா.

"லைன்மேன் தெனமும் என் தலைக்கு மேலதான் புடுங்கறான், தெரியாம என்ன"ன்னேன்.

பொழுதோட மேடை போட்டு, மைக்குக் கட்டி, மொதலாளி பட்டு வேட்டியில வந்து சுவிச்சைப் போட்டாரு. ராத்திரி செத்துப் போச்சு. பாலத்துல ஊசி விழுந்தா எடுக்கலாம், ஆறு சும்மா அழுக்குத் தண்ணியா ஓடுச்சு, சனமெல்லாம் அப்பாடான்னு மூச்சு உட்டுச்சு. அப்ப துளசிமணி மேடையேறினா, பின்னாலயே புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கோகிலவாணி. பெரிய மனுசங்க மேடையில நின்னா புள்ளைக்குப் பேரு வைக்கச் சொல்றது எங்கூர்ல உள்ளதுதானே. "எம்பேரனுக்கு மொதலாளி வாயால பேரு வெச்சு, உங்க கையால ஒரு சங்குப் பாலு குடுங்க சாமி"ன்னா. இத்தனை நாளா மண்ணை வாரித் தூத்தினவ கும்புட்டு நிக்கறாளேன்னு மொதலாளிக்குப் பூரிப்புத் தாங்கலை. போட்டோக்காரனைப் பக்கத்துல வரச் சொன்னாரு. கோகிலவாணி திரும்பி நின்னு சங்குல பாலைப் பீச்சி அவரு கையில குடுத்தா. வெள்ளைப் பாலு, வெள்ளிச் சங்கு. அவரு அதைப் புள்ளை வாய்கிட்டக் கொண்டு போனாரு, மைக்கு முன்னால வாயத் தொறந்தாரு.

நான் புடுங்கினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு பீஸ் கட்டையும்.

இருட்டு அப்படியே தொப்புன்னு விழுந்துச்சு. மேடையில மொதலாளி கையில சங்கு நெறஞ்சு மயில்கழுத்துக் கலர், ஊரே பாக்க. சாம்பிள் துணிய நீட்டினா நெறத்துப் பேரைச் சொல்லிச் சொல்லியே முப்பது வருசமாப் பழகின வாயி அது. பேரு சொல்லத் தொறந்து வெச்சிருந்த அந்த வாயி, அதுபாட்டுக்கு, "மயில்கழுத்து"ன்னுச்சு. மைக்கு இல்லை. ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு.

"நல்ல பேருங்க"ன்னா துளசிமணி. "ஊத்துங்க. உங்க தொட்டிச் சரக்குத்தானுங்களே, ஊத்துங்க."

அவரு சங்கைப் புள்ளை வாய்கிட்ட இருந்து இழுத்துக்கிட்டாரு.

"ஏனுங் நிறுத்திப் போட்டீங்க? அழகா இருக்குதுன்னு சேர் போட்டுப் பாத்தீங்களே, நாங்க தெனமும் இதைத்தானுங்க ஊத்தறோம், கண்ணை மூடிக்கிட்டு ஊத்தறோம். நீங்க ஒரு வாட்டி கண்ணைத் தொறந்துக்கிட்டு ஊத்துங்க!"

சங்கு சாஞ்சு பாலு பட்டு வேட்டியில கொட்டுச்சு. கீழே ஒக்காந்திருந்த சனம் அவரைப் பாக்கலை, மடியில இருந்த தங்கட புள்ளைக வாயைப் பாத்துச்சு. அன்னிக்கு ஒருத்தரும் அழகுன்னு சொல்லலை. மொதல்ல எந்திரிச்சது கைப்புள்ளைக்காரிகதான். அப்படியே நடந்து, பட்டறைப் பின்பக்கம் ஆத்துக்குள்ள எறங்கி, மண்ணு, மூட்டை, முறுக்குக் கடை பெஞ்சு, உபயச் சேரு, கெடைச்சதையெல்லாம் அந்தக் குழாய் வாயில திணிச்சாங்க. கடைசியா, மொதலாளி பேரு வெட்டின அந்தக் கல்லைப் பேத்துக் கொண்டாந்து அடைச்சது ஆம்பளைக. லேட்டாத்தான் வந்தாங்க, ஆனா வந்தாங்க.

இது நடந்து இன்னும் மாசம் ஆகலை, அதுக்குள்ள முணுமுணுப்பு ஆரம்பிச்சிருச்சு. பட்டறை நின்னா சோத்துக்கு என்ன வழி, எத்தனை நாளைக்கு இருட்டுல கெடக்கறது, புள்ளைக பரீட்சைக்குப் படிக்க வேண்டாமா, பீஸ் கட்டையக் குடுத்துரு சம்பூரணம்னு, ஒவ்வொருத்தராத் துணி குடுக்கற சாக்குல வந்து நிக்கறாங்க. மெசினை ஓட்டச் சொல்லி மொதலாளிகிட்டப் போயி நிக்கறதுக்கு மட்டும் ஒருத்தனுக்கும் காலு வரமாட்டேங்குது. கெணத்துல இன்னும் அடியில ஒரு அடுக்கு நெறம் கெடக்குது. எல்லைக்காரி ஆத்தாளுக்கு எண்ணெய்க் காப்புச் சாத்தலை, எரியட்டும். அந்தப் புள்ளைக்கும் இன்னும் வேற பேரு வைக்கலை.

பீஸ் கட்டை மூணும் என் இஸ்திரிக் கரி மூட்டைக்குள்ளதான் இருக்குது. லைட்டு வேணுங்கறவங்க பொழுதோட வாங்க. சும்மா வராதீங்க, உங்கூட்டுப் பச்சைப் புள்ளையவும் பெத்தவளையும் கூட்டிக்கிட்டு வாங்க, என் வண்டிக்கு முன்னால இருட்டுல ஒக்காந்து அது பால் குடிக்கறதைக் கண்ணைத் தொறந்து கடைசி வரைக்கும் பாருங்க, பாத்துட்டு அப்பறம் கேளுங்க.